திரை கறுத்தால் கர்னல் ஊமையாகிவிட்டதா? சஸ்பெண்டிலும் கிராஷிலும் கன்சோல் லாக் நடந்துகொள்ளும் விதம்

லினக்ஸ் லேப்டாப்பை மூடி வைத்து (அதாவது சஸ்பெண்ட் என்ற தூக்கத்துக்கு அனுப்பி) திறந்தால் கறுப்புத் திரை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஆன் செய்து முந்தைய முறை பூட் ஆகி ஓடியபோது எழுதிய லாக்கை, அதாவது செய்திப் பதிவை, பார்த்தால் கடைசி வரி "பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி" என்று நிற்கிறது. உடனே விளக்கங்கள் கிளம்பும். "அந்த வரியிலேயே மாட்டிக்கொண்டது" என்பார் ஒருவர். "கர்னல் எந்தப் பிழையும் சொல்லவில்லை, ஆகவே ஹார்டுவேர் கோளாறு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் நோ_கன்சோல்_சஸ்பெண்ட் போடச் சொல்வார், அதாவது தூங்கப் போகும்போதும் செய்திகளை வெளியே காட்டச் சொல்லும் அமைப்பை. முதல் இரண்டுக்கும் அந்த லாக்கில் ஆதாரமே இல்லை. மூன்றாவது சில கணினிகளில் கை கொடுக்கும், பலவற்றில் கொடுக்காது, சிலவற்றில் புதிய சிக்கலையும் கொண்டுவரும்.

மூன்று பேரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஒரு செய்தியை எழுதி வைப்பது ஒரு வேலை. அதை வெளியே காட்டுவது வேறொரு வேலை. இரண்டும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு விதிகளின்படி நடக்கின்றன. (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது, தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில், அடிக்கோடுகளையும் சேர்த்து எழுத வேண்டும்.)

## பதிவேடும் ஒலிபெருக்கியும்

ஒரு பெரிய ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நடப்பதையெல்லாம் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுகிறார்கள். அதில் முக்கியமானதை மட்டும் மைக்கில் அறிவிக்கிறார்கள். எழுத ஒரு நொடி போதும். அறிவிக்க நேரம் பிடிக்கும், மைக்கும் ஒன்றுதான் இருக்கிறது. ஒலிபெருக்கிக்கான மின்சாரத்தை நிறுத்தினால் அறிவிப்பு நிற்கும், பதிவேடு தொடரும். பிளாட்பாரத்தில் நிற்பவருக்கோ நிலையமே தூங்கிவிட்டதுபோல் இருக்கும்.

கர்னலில் பதிவேட்டின் இடத்தில் இருப்பது லாக் பஃபர். ஒலிபெருக்கியின் இடத்தில் இருப்பது கன்சோல், அதாவது கர்னல் தன் செய்தியை எந்த நிரலின் உதவியும் இல்லாமல் நேரடியாக வெளியே தள்ளும் வழி. திரை ஒரு கன்சோல். சீரியல் போர்ட் ஒரு கன்சோல். நெட்வொர்க் வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பும் நெட்கன்சோலும் ஒன்று. ஒரே கணினியில் பல கன்சோல்கள் ஒரே சமயத்தில் இயங்கலாம்.

## செய்தி முதலில் எங்கே போகிறது?

கர்னலுக்குள் எந்தப் பகுதி பேச விரும்பினாலும் அழைப்பது பிரிண்ட்கே என்ற செயற்கூற்றைத்தான். அது செய்தியை நேரமுத்திரையோடு லாக் பஃபரில் போடுகிறது. இது ரேமில் இருக்கும் வளைய பஃபர்: நிரம்பியதும் பழைய செய்திகளின் மேல் புதியவற்றை எழுதிக்கொண்டே போகும். கர்னலின் வழக்கமான அளவு 128 கேபி. போதவில்லை என்றால் பூட் வரியில் (கணினி தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் அளவுருக்களின் வரி) லாக்_பஃப்_லென்=4எம் என்று கொடுத்துப் பெருக்கலாம்.

டிமெசேஜ் கட்டளை காட்டுவது இந்தப் பஃபரைத்தான். டிஸ்க்கில் இருக்கும் லாக் வேறு. ஜர்னல் சேவை என்ற சாதாரண நிரல் ஒன்று பஃபரைப் படித்து டிஸ்க்குக்கு நகலெடுக்கிறது. அந்த நிரல் ஓடாத நேரத்தில் நடந்தது எதுவும் டிஸ்க்குக்குப் போகாது. ஓடினாலும், மிகக் கடுமையான செய்திகளைத் தவிர மற்றவற்றை டிஸ்க்கில் உறுதிப்படுத்த வழக்கமான அமைப்பில் 5 நிமிடம் வரை ஆகலாம்.

ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை உண்டு. 0 உச்சகட்ட ஆபத்து, 3 பிழை, 4 எச்சரிக்கை, 7 டீபக். கன்சோலுக்கும் ஒரு வரம்பு எண் இருக்கிறது. அந்த எண்ணைவிடச் சிறிய நிலையுள்ள செய்திகள் மட்டுமே வெளியே வரும். பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) பூட் வரியில் குவயட் என்று போட்டிருக்கும். அது வரம்பை 4 ஆக்கிவிடுவதால் எச்சரிக்கைகள்கூடத் திரைக்கு வராது. பஃபரில் எல்லாம் இருக்கும். சோதனை செய்யும்போது குவயட்டை எடுத்துவிட்டு லாக்லெவல்=8 என்று போட வேண்டும்; அல்லது ஓடும் கணினியில் டிமெசேஜ் -என் 8.

ஆக, செய்தி முதலில் ரேமுக்குப் போகிறது. அங்கிருந்து கன்சோலுக்கு ஒரு பாதை, டிஸ்க்குக்கு இன்னொரு பாதை. இந்த இரண்டு பாதைகளும் அடைபட்டாலும் முதல் படி நடந்திருக்கும்.

## கன்சோல் ஏன் பின்தங்குகிறது

சீரியல் போர்ட் 115200 வேகத்தில் ஓடினால் நொடிக்கு 11,520 எழுத்துகளை அனுப்பும். ஒரு எழுத்துக்கு 10 பிட் செலவாகிறது. 80 எழுத்து கொண்ட ஒரு வரிக்குச் சுமார் 7 மில்லிநொடி. மனிதருக்கு இது ஒன்றுமில்லை. சிபியுவுக்கோ பல லட்சம் கட்டளைகளை ஓட்டி முடிக்கும் நேரம். முழுதும் நிரம்பிய 128 கேபி பஃபரை வெளியே தள்ள 11 நொடிக்கு மேல் ஆகும். பழைய பழக்கத்தில் 9600 என்று விட்டுவைத்திருந்தால் இரண்டேகால் நிமிடம்.

கன்சோலுக்கு ஒரு பூட்டு இருக்கிறது. ஒரே நேரத்தில் ஒரு சிபியுதான் அதை வைத்திருக்க முடியும். பழைய முறையில், பூட்டை வைத்திருக்கும் சிபியு தன் செய்தியோடு மற்ற சிபியுக்கள் இடையில் போட்டவற்றையும் சேர்த்து அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். மற்றவை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருந்தால் இந்தச் சிபியு அதே வேலையில் மாட்டிக்கொள்ளும். "சாஃப்ட் லாக்கப், சிபியு 22 நொடியாக மாட்டிக்கொண்டது" என்ற எச்சரிக்கை சில சமயம் இப்படித்தான் பிறக்கிறது. சிபியுவை மாட்டிவைத்ததே லாக் அச்சிடும் வேலையாக இருக்கும்.

இதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் வேலை நடந்தது. 2020 டிசம்பரில் வந்த 5.10 கர்னலில் பஃபர் பூட்டே இல்லாததாக மாறியது. அதனால் எந்த இக்கட்டிலிருந்தும், மறைக்க முடியாத இன்டரப்டின் (சிபியுவின் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) உள்ளிருந்தும்கூட, யாருக்காகவும் காத்திருக்காமல் எழுதலாம். எழுதும் பக்கம் அப்படித் தீர்ந்தது. காட்டும் பக்கம் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. நிகழ்நேர லினக்ஸ் (குறித்த நேரத்துக்குள் பதில் தர வேண்டிய வேலைகளுக்கான வடிவம்) முழுமையாகப் பிரதான கர்னலில் சேர 2024 நவம்பரின் 6.12 வரை காத்திருந்ததற்குக் கடைசிப் பெரிய தடையாக இருந்ததே இந்த அச்சிடும் வேலைதான்.

## சஸ்பெண்ட்: வேண்டுமென்றே மௌனம்

கணினியைத் தூங்க வைக்கும்போது கர்னல் செய்வது இந்த வரிசையில்: கோப்பு முறைமைகளை டிஸ்க்கோடு ஒத்திசைக்கும், பயனர் நிரல்களை உறைய வைக்கும், கன்சோல்களை நிறுத்தும், பிறகு ஒவ்வொரு கருவியின் டிரைவரையும் கூப்பிட்டுத் தூங்கச் சொல்லும், ஒரு சிபியுவைத் தவிர மற்றவற்றை அணைக்கும், கடைசியில் பிளாட்பார்மிடம், அதாவது மதர்போர்டிடமும் அதில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் மென்பொருளிடமும், ஒப்படைக்கும்.

இரண்டாவது படியைக் கவனியுங்கள். உறைய வைக்கப்படும் பயனர் நிரல்களில் ஜர்னல் சேவையும் ஒன்று. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் டிஸ்க்குக்கு நகலெடுக்க ஆளில்லை. கடைசி வரி "சஸ்பெண்ட் என்ட்ரி" என்று நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான். கோளாறு அதற்குப் பிறகு எந்தப் படியிலும் நடந்திருக்கலாம், காலையில் எழும்போதும் நடந்திருக்கலாம்.

மூன்றாவது படியில் கர்னல் ஒரு வரி சொல்லும்: கன்சோல்களை நிறுத்துகிறேன், டீபக் செய்ய நோ_கன்சோல்_சஸ்பெண்ட் பயன்படுத்தவும் என்று. புதியவர்கள் பலர் இதைப் பிழைச்செய்தி என்று எடுத்துக்கொண்டு அதில் சொன்ன அளவுருவை நிரந்தரமாகப் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு ஒழுங்கான சஸ்பெண்டிலும் இந்த வரி வரும்.

ஏன் நிறுத்த வேண்டும்? கன்சோலும் ஒரு கருவியின் மேல்தான் ஓடுகிறது. சீரியல் சிப்பின் டிரைவர் தூங்கி, அதன் கடிகாரத் துடிப்பு நின்ற பிறகு, வேறொரு டிரைவர் ஏதோ ஒரு வரியை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கன்சோல் அதை அனுப்ப முயன்று, உயிரில்லாத சிப்பின் பதிவகத்தைத் தொடும். பல ஆர்ம் சிப்புகளில் இது பஸ் பிழையில் முடியும், அல்லது கணினி அப்படியே உறைந்துவிடும். ஒரு சாதாரணத் தகவல் வரி கணினியைக் கொன்றுவிடும். அதனால்தான் முன்கூட்டியே வாயடைப்பு.

பஃபர் மட்டும் திறந்தே இருக்கிறது. கணினி ஒழுங்காக எழுந்தால், நிறுத்தி வைத்திருந்த செய்திகள் அனைத்தும் வரிசையாக வெளியே கொட்டும், ஜர்னலும் விட்ட இடத்திலிருந்து படித்துக்கொள்ளும். ஆகவே எழுந்துவிடும் கணினியில் "சஸ்பெண்ட் மெதுவாக இருக்கிறது", "எழுந்ததும் வைஃபை இல்லை" போன்ற சிக்கல்களுக்கு நோ_கன்சோல்_சஸ்பெண்ட் தேவையே இல்லை. டிமெசேஜ் போதும். எந்த டிரைவர் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அறிய /சிஸ்/பவர்/பிஎம்_பிரிண்ட்_டைம்ஸ் கோப்பில் 1 என்று எழுதிவிட்டுச் சஸ்பெண்ட் செய்தால் ஒவ்வொன்றின் நேரமும் லாக்கில் வரும்.

ஒரு சின்னப் பொறி: லாக்கின் கடிகாரம் தூங்கிய நேரத்தைக் கணக்கில் சேர்க்காது. இரவு முழுக்கத் தூங்கிய கணினியில் டிமெசேஜ் -டி காட்டும் மணி நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். பழைய பதிப்புகளில் எழுந்த பிறகு வந்த வரிகளும் பிசகும். புதிய பதிப்புகள் கடைசியாக எழுந்ததற்குப் பிந்தைய வரிகளை மட்டும் திருத்திக் காட்டுகின்றன.

## எழாத கணினிக்கு என்ன செய்வது

நோ_கன்சோல்_சஸ்பெண்ட் உண்மையில் பயன்படுவது இங்கேதான். பூட் வரியில் போடலாம். அல்லது /சிஸ்/மாட்யூல்/பிரிண்ட்கே/பேராமீட்டர்ஸ்/கன்சோல்_சஸ்பெண்ட் கோப்பில் என் என்ற எழுத்தை எழுதி, அடுத்த மறுபூட் வரை மட்டும் இயக்கலாம். இரண்டாவது வழியே நல்லது, ஏனெனில் சோதனைக்குப் பிறகு மறந்துபோக வாய்ப்பில்லை.

இது நம்பகமாக வேலை செய்வது மதர்போர்டிலேயே இருக்கும் சீரியல் போர்ட்டில். யுஎஸ்பி சீரியல் கேபிள் பயன்படாது. அது தொங்கும் யுஎஸ்பி பஸ்ஸே தூங்கிவிடும். நெட்கன்சோலும் அப்படியே, நெட்வொர்க் கார்டு தூங்கிய கணத்தில் அறுந்துவிடும். லேப்டாப் திரை, கிராபிக்ஸ் டிரைவர் தூங்கும்வரைதான் உதவும். ஆர்ம் போர்டுகளில் சீரியல் சிப் விழித்தே இருப்பதால் கணினி ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகாமலும் போகலாம். அந்த நிலையில் எடுத்த மின்செலவு அளவுகளுக்கு மதிப்பில்லை.

சீரியல் போர்ட் இல்லாத லேப்டாப்புக்குக் கன்சோலைத் துரத்துவதைவிடப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம். /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் என்ற கோப்பு அதற்குத்தான் (கர்னலில் பவர் டீபக் வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும்). அதில் ஃப்ரீஸர் என்று எழுதி, /சிஸ்/பவர்/ஸ்டேட் கோப்பில் மெம் என்று எழுதினால், கர்னல் நிரல்களை உறைய வைப்பதோடு நின்று, 5 நொடி காத்திருந்து, தானாகத் திரும்பி வரும். அது சரியாக நடந்தால் அடுத்து டிவைசஸ், பிறகு பிளாட்பார்ம், பிராசஸர்ஸ், கோர். எந்தப் படியில் கணினி திரும்பவில்லையோ அங்கே குற்றவாளி இருக்கிறான். டிவைசஸ் படியில் விழுந்தால் டிரைவர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். ஐந்தும் தேறினால் சந்தேகம் ஃபர்ம்வேர் பக்கம் போகும். முடிந்ததும் நன் என்று எழுதி மீட்டுவிட வேண்டும்.

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளில் இன்னொரு தந்திரம் உண்டு: பிஎம்_டிரேஸ். டிரைவர்களைக் கடந்து போகும்போது கர்னல் தன் இருப்பிடத்தின் சுருக்கக் குறியை பேட்டரியில் ஓடும் ஹார்டுவேர் கடிகாரத்தில் எழுதி வைக்கிறது. கணினி உறைந்தால் சில நிமிடங்களுக்குள், கடிகாரம் அதிகம் ஓடிவிடும் முன், மறுபடி பூட் செய்து டிமெசேஜில் "ஹேஷ் மேட்சஸ்" என்று தேடினால் எந்த டிரைவரோடு பொருந்துகிறது என்று சொல்லும். லாக் எழுத வேறு இடமே இல்லாதபோது தேதியை அழித்து அங்கே எழுதும் துணிச்சலான யோசனை. விலையும் அதுதான்: கணினியின் தேதி தாறுமாறாகிவிடும்.

## கிராஷ்: எப்படியாவது சொல்லிவிட வேண்டும்

சஸ்பெண்டில் விதி "இப்போது பேசாதே" என்றால், கிராஷில் விதி நேர் எதிர்.

இரண்டு வகைகளைப் பிரித்துக்கொள்வோம். ஊப்ஸ் என்பது கர்னல் தன்னிடம் பிழை கண்டு, தொடர்புடைய நிரலைக் கொன்றுவிட்டு மேலே ஓட முயல்வது. பேனிக் என்பது இனி ஓடுவது ஆபத்து என்று முழுதும் நிறுத்துவது. ஊப்ஸ் இன்டரப்டுக்குள் நடந்தால் பேனிக் ஆகிவிடும். பேனிக்_ஆன்_ஊப்ஸ் அமைப்பை 1 ஆக்கினால் எல்லா ஊப்ஸும் பேனிக்தான்.

பேனிக்கில் ஒரு சிபியு பொறுப்பேற்று, கன்சோல் வரம்பை உயர்த்தி (குவயட் இருந்தாலும்), காரணத்தை எழுதி, மற்ற சிபியுக்களை நிறுத்துகிறது. வில்லங்கம் இங்கேதான் இருக்கிறது. நிறுத்தப்பட்ட சிபியுக்களில் ஒன்று அந்தக் கணத்தில் கன்சோல் பூட்டை வைத்திருந்தால்? அது இனி ஒருபோதும் திறக்கப்படாது. காத்திருந்தால் செய்தி வெளியே வராது. காத்திருக்காமல் புகுந்தால், பாதி வரியில் நின்ற சிப்பின் மேல் இன்னொரு வரியை எழுதி அதையும் குழப்பிவிடலாம். பழைய டிரைவர்கள் பூட்டுக்கு ஒரு முறை முயன்று பார்த்து, கிடைக்காவிட்டால் நடப்பது நடக்கட்டும் என்று எழுதிவிடும். பெரும்பாலும் பலிக்கும். பலிக்காதபோது கிடைப்பது பாதியில் அறுந்த வரி, அல்லது ஒன்றுமே இல்லாத உறைவு.

என்பிகான் என்ற புதிய கன்சோல் அமைப்பு இதை முறைப்படுத்துகிறது. உரிமைக்கு மூன்று முன்னுரிமைகள்: சாதாரணம், அவசரம், பேனிக். சாதாரண நேரத்தில் ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி கர்னல் இழை நிதானமாக அச்சிடுகிறது. அவசரமோ பேனிக்கோ வந்தால், டிரைவர் "இப்போது பறித்தால் ஆபத்தில்லை" என்று குறித்திருக்கும் இடத்தில் உரிமை பறிக்கப்படுகிறது. ஆபத்தான இடத்தில் பறிப்பது பேனிக்கின் கடைசி முயற்சியாக மட்டுமே. எல்லா டிரைவர்களும் இந்த முறைக்கு இன்னும் மாறவில்லை.

பேனிக்கின்போது கர்னல் டிஸ்க்கைத் தொடாது. தன் நினைவகமே கெட்டிருக்கலாம் என்ற நிலையில் கோப்பு முறைமையில் எழுதுவது பயனரின் தரவை நாசம் செய்யும் வழி. ஆகவே பேனிக்கின் கடைசி வரிகளை வர்-லாக் கோப்புறையில் தேடுவது வீண். கிராபிக்ஸ் டெஸ்க்டாப் ஓடும்போது திரையிலும் எதுவும் வராமல் உறைவதுதான் நீண்டகால வழக்கமாக இருந்தது. 2024இல் 6.10 கர்னலில் டிஆர்எம் பேனிக் (கிராபிக்ஸ் டிரைவர் வழியே பேனிக் செய்தியைக் காட்டும் வசதி) வந்த பிறகு, அதை ஆதரிக்கும் டிரைவர்களில் செய்தி திரைக்கே வருகிறது, 6.12இல் கியூஆர் குறியீடாகவும் காட்டும் வசதி சேர்ந்தது.

## கன்சோல் இல்லாமலே செய்தியைக் காப்பாற்றுவது

பிஸ்டோர் என்பது பேனிக் நேரத்தில் பஃபரின் கடைசிப் பகுதியை, மறுபூட்டிலும் பிழைக்கும் ஓர் இடத்தில் எழுதும் வசதி. இது கன்சோலைத் தொடுவதே இல்லை, பஃபரிலிருந்து நேராக எடுக்கிறது. எழுதும் இடம் இரண்டு வகையாகப் பரவலாக இருக்கிறது. ஈஎஃப்ஐ பிஸ்டோர் ஃபர்ம்வேரின் ஃபிளாஷில் எழுதும்; மின்சாரம் போனாலும் இருக்கும், இடம் குறைவு. ராம்ஊப்ஸ் ரேமில் ஒதுக்கிய ஒரு பகுதியில் எழுதும். வேகமானது, ஆனால் மின்சாரம் அறுந்தால் போச்சு. ராம்ஊப்ஸ் வைத்திருப்பவர் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் தன் ஆதாரத்தைத் தானே அழிக்கிறார். கர்னல்.பேனிக்=10 என்று அமைத்தால் பேனிக்குக்கு 10 நொடி கழித்துக் கணினி தானே மறுபூட் ஆகும், ரேம் பெரும்பாலும் பிழைக்கும். உங்கள் கணினியில் எது இயங்குகிறது என்று /சிஸ்/மாட்யூல்/பிஸ்டோர்/பேராமீட்டர்ஸ்/பேக்எண்ட் சொல்லும்.

கேடம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது பேனிக்கில் முன்பே ஏற்றிவைத்த இரண்டாம் கர்னலுக்குத் தாவி முழு நினைவகத்தையும் சேமிக்கும் வசதி. வழக்கமான அமைப்பில் அந்தத் தாவல் பிஸ்டோருக்கு முன்னால் நடந்துவிடும். அதனால் கேடம்ப் இருக்கும் சர்வரில் பிஸ்டோர் காலியாக இருப்பது கோளாறு ஆகாது. லாக் பஃபரும் அந்த நினைவகப் பிரதிக்குள்ளேயே இருக்கும்.

## தூங்கப் போகும் வழியில் கிராஷ் ஆனால்

கன்சோல்கள் நிறுத்தப்பட்ட பிறகு ஒரு டிரைவர் பேனிக்கை உண்டாக்கினால், நிறுத்தப்பட்ட கன்சோலைக் கர்னல் பயன்படுத்தாது. திரையிலும் சீரியலிலும் மௌனம். ஜர்னல் உறைந்து கிடக்கிறது. இந்த இடத்தில் பிஸ்டோர்தான் பெரும்பாலும் ஒரே சாட்சி.

ஆனால் சஸ்பெண்டில் அதிகம் நடப்பது பேனிக் இல்லை. ஒரு டிரைவர் எதற்கோ காத்து நிரந்தரமாக நின்றுவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. பேனிக் நடக்காததால் பிஸ்டோரும் எழுதாது. கர்னலைத் தாங்களே கட்டமைப்பவர்கள் டிபிஎம்_வாட்ச்டாக் தேர்வை இயக்கலாம்: ஒரு கருவியின் சஸ்பெண்ட் அல்லது ரெஸ்யூம் குறிப்பிட்ட நேரத்தில் முடியாவிட்டால் அது பேனிக்கை வரவழைக்கும், டிரைவரின் பெயரும் அழைப்புத் தடமும் பிஸ்டோருக்குப் போகும். சத்தமில்லாத உறைவைவிடப் பெயர் சொல்லும் பேனிக் மேல்.

ராம்ஊப்ஸ் உள்ள ஆர்ம் போர்டுகளில் இன்னும் ஒரு படி போகலாம். அதன் கன்சோல் பகுதிக்கு இடம் ஒதுக்கினால், பேனிக் வரை காத்திராமல் ஒவ்வொரு வரியையும் ரேமில் எழுதிக்கொண்டே இருக்கும். அதுவும் ஒரு கன்சோல் என்பதால் சஸ்பெண்டில் நின்றுவிடும். எனவே நோ_கன்சோல்_சஸ்பெண்டையும் சேர்த்துப் போட வேண்டும். தூங்கிப்போகும் சிப் எதுவும் அதன் பின்னால் இல்லாததால் இந்தக் கன்சோல் தன்னளவில் ஆபத்தில்லாதது. ஆனால் அளவுரு எல்லாக் கன்சோல்களுக்கும் பொருந்தும். ஆகவே அந்தச் சோதனை பூட்டில் சீரியல் கன்சோலைப் பூட் வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். உறைந்த பிறகு போர்டின் ரீசெட் முனை மூலம் மறுபூட் செய்தால் கன்சோல்-ராம்ஊப்ஸ்-0 என்ற கோப்பில் கடைசி வரி வரை கிடைக்கும்.

மறுபூட்டுக்குப் பின் /சிஸ்/எஃப்எஸ்/பிஸ்டோர் காலியாக இருந்தால் உடனே கைவிட வேண்டாம். சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) உள்ள கணினிகளில் பூட் ஆகும்போதே ஒரு சேவை அந்தக் கோப்புகளை /வர்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர் கோப்புறைக்கு நகர்த்தி, ஃபிளாஷில் இடத்தைக் காலி செய்துவிடும். அந்தச் சேவை இல்லாத கணினியில் கோப்பை நகலெடுத்த பிறகு நீங்களே அழிக்க வேண்டும். பழைய பதிவுகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் அடுத்த கிராஷை எழுத இடமிருக்காது.